மருமகள் கேட்ட தவணை

இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போனால் கறி தின்ன விடுவதில்லை, கருத்துக் கேட்கிறார்கள். படித்த பிள்ளைகள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் போதும், வாயைத் திறந்துவிடுகிறார்கள். அதுவும் எதைப் பற்றி? பிள்ளை பெறுவதைப் பற்றி. எங்கள் காலத்தில் பெற்றோம், பேசவில்லை. இவர்கள் பேசுகிறார்கள், பெறுகிற வழியைக் காணோம்.

நான் கூலேத். பூராவ் ஊர்க் கால்நடைச் சந்தையில் தரகன். எழுத்து எனக்கு அரைகுறைதான். ஒட்டகம் வாயைத் திறந்தால் வயது சொல்வேன்; மனிதன் வாயைத் திறந்தால் நம்பமாட்டேன். இந்தக் குணத்தால் நான் நஷ்டப்பட்டதில்லை.

செத்துப்போன என் தம்பியின் மகன் அயான்லேக்குக் கல்யாணம். பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெண் பர்வாகோ, டாக்டருக்குப் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. தம்பி பெண்டாட்டி அர்தோ இந்தப் பாக்கியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நிக்காஹ் முடிந்த மறுநாளே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்: "அடுத்த நோன்புக்கு என் மடியில பேரப்பிள்ளை. வயிறு தெரிஞ்சா படிப்பு தானா நின்னுடும்." சொன்னதோடு விடாமல் குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு பெரிய மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டியும் வாங்கி, வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி கவிழ்த்து வைத்திருந்தாள். மருமகள் ஏழு நாளாக அந்தத் தொட்டியைச் சுற்றித்தான் போய் வந்துகொண்டிருந்தாள்.

ஏழாம் நாள், ஹீதோ என்கிற கல்யாணக் கறிக்கூடையை அவிழ்க்கும் நாள். பிற்பகல் அஸர் தொழுகை முடித்து நான் போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிரம்பி வழிந்தது. நடுவில் ஹீதோ உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே நெய்யில் ஊறிய ஒட்டகக் கறித் துணுக்கு, மேலே பேரீச்சம்பழப் பூச்சு, அதையெல்லாம் மூடிய கூடைக்கு வெள்ளைத் துணி கட்டி, சோழி கோத்து, மணப்பெண் மாதிரி ஜோடித்து, உச்சி முதல் அடி வரை கயிறு சுற்றியிருந்தார்கள். கட்டுவது பெண் வீட்டார். கயிற்றின் முனையைத் தேடிப் பிடித்து அவிழ்ப்பது மாப்பிள்ளை வீட்டு ஆண்கள். கத்தி போட்டு அறுத்தால் அந்த அவமானம் பேரன் காலம் வரைக்கும் போகாது.

கையில் குச்சியோடு ஹீதோவுக்குக் காவல் நின்றவள் ஃபில்சன். பர்வாகோவின் தோழி, வக்கீல் படிப்பு. இந்த மாதிரிப் பெண்ணைச் சந்தையில் தரகராக விட்டால் நாங்களெல்லாம் பிச்சை எடுக்க வேண்டியதுதான்.

"கேட்டுக்குங்க எல்லாரும்! அவிழ்க்க வந்து தோத்தா அபராதம். இன்னைக்கு ஆடு வேண்டாம், குச்சியடியும் கிடையாது. ஒரே ஒரு கேள்வி கேப்போம். உண்மையைச் சொல்லணும்."

"என்ன கேள்விம்மா?" என்றேன்.

"தோத்த பிறகுதான் சொல்வோம், பெரியப்பா. முன்னாடியே சொல்லிட்டா யார் தோக்க வருவா?"

முற்றத்தின் குறுக்கே கட்டிய திரைக்குப் பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள். மாப்பிள்ளை எனக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதலில் எழுந்தவன் மாப்பிள்ளையின் சேக்காளி கெடி. இன்ஜினியருக்குப் படிப்பவன். சட்டைக் கையை மடித்து, ஹீதோவை மூன்று பக்கமும் போட்டோ பிடித்து, போனில் பெரிதாக்கிப் பார்த்து, "விசை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கண்டுபிடிச்சா முனை தானா தெரியும்" என்றான். கண்டுபிடித்தான். இழுத்தான். கூடை அவன் மேல் சாய்ந்தது. உச்சியிலிருந்த சோழிக் கொத்து அவன் மண்டையில் டொக்கென்று விழுந்தது.

"தோத்தாச்சு!" ஃபில்சன் குச்சியைத் தரையில் தட்டினாள். "கெடி அண்ணே, கேள்வி. நாளைக்கு உங்களுக்குக் கல்யாணம் ஆகுது. பொண்டாட்டி வந்து, ‘பிள்ளைக்குக் கொஞ்ச காலம் பொறுப்போம்’ங்கறா. என்ன சொல்வீங்க?"

முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும்.

கெடி மண்டையைத் தடவினான். "இடைவெளி விடறது தப்பில்ல. பிள்ளைக்கு ரெண்டு வருஷம் பால் குடுக்கணும்னு குர்ஆன்லயே இருக்கு. ஆனா மாத்திரை கீத்திரை எல்லாம் ஆகாது. மாத்திரை போட்டா கர்ப்பப்பை காஞ்சு கருவாடாப் போயிடும்."

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எந்தப் புத்தகத்துல?"

"எங்க அத்தை சொன்னாங்க."

அந்தச் சிரிப்பில் நான் மட்டும் தலையை ஆட்டினேன். கெடியின் அத்தையை எனக்குத் தெரியும். விவரமான பொம்பளை.

அடுத்தவன் சமதர். மருந்துப் படிப்புப் படித்துவிட்டுப் பெரிய கடைத்தெருவில் மருந்துக்கடையில் நிற்பவன். இவன் இழுக்கவில்லை. காதை வைத்துக் கேட்டான், விரலால் தட்டிப் பார்த்தான், நெற்றி வேர்த்ததுதான் மிச்சம்.

"காய்ச்சல் எவ்வளவு இருக்கு, டாக்டரே?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

அவ்வளவுதான், சமதரும் தோற்றான்.

"உங்களுக்குக் கேள்வி," என்றாள் ஃபில்சன். "அந்த மாத்திரை நிஜமாவே கருவாடு பண்ணுமா? படிச்சதைச் சொல்லுங்க."

"பண்ணாது. ஆளுக்கு ஏத்ததா டாக்டர் பாத்துக் குடுக்கணும். நிறுத்தினா மறுபடி பிள்ளை உண்டாகும்."

"அப்ப நம்ம ஊர்ல யாருமே வாங்கறதில்லையா?"

"வாங்காம என்ன!" சமதருக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் உற்சாகம் ஏறிவிட்டது. "முதல்ல வந்து தலைவலி மாத்திரை கேப்பாங்க. வெளியே போயிட்டுத் திரும்பி வந்து இருமல் மருந்து கேப்பாங்க. கடையில ஆள் போற வரைக்கும் சோப்பை மோந்து பாத்துக்கிட்டே நிப்பாங்க. அப்புறம் கையை நீட்டி, ‘அதோ அது’ம்பாங்க. எல்லாம் நாலஞ்சு பெத்தவங்க. நம்ம கெடியோட அத்தைகூட…"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். திரைக்கு மேலாக ஒரு செருப்பு பறந்து வந்தது. நல்ல குறி. சமதரின் காதில் பட்டுக் கெடியின் மடியில் விழுந்தது. கெடி அதை எடுத்துப் பார்த்தான். அத்தையின் செருப்பு அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

கூட்டம் தரையில் உருண்டது. ஒருவன் சிரித்துச் சிரித்துத் தேநீர்த் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டான். நான் மட்டும் சிரிக்கவில்லை. விவரமான பொம்பளை என்று தலையாட்டியவன் எப்படிச் சிரிப்பது?

"சமதர் அண்ணே, இதையெல்லாம் உங்க அம்மா முன்னாடி சொல்வீங்களா?"

"அம்மா முன்னாடியா? அல்லாஹ்வே! ஊருக்கெல்லாம் வயித்துப்போக்கு மருந்து குடுக்கறேன், எங்கம்மா முன்னாடி வயிறுங்கற வார்த்தையே வாயில வராது."

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நரி கோழிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் அதன் கண் ஒரே கோழி மேல்தான் இருக்கும். ஃபில்சனின் கண் மாப்பிள்ளை மேல் இருந்தது.

"அடுத்து அயான்லே அண்ணன்!"

அயான்லே எழவில்லை. என்னைப் பார்த்தான். நோயில் விழுந்த கன்று பார்க்கிற பார்வை. இவன் பர்வாகோவுக்குத் தனியாக ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறான், அதைத் தாய்க்கு முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை என்று புரிந்தது. குடும்ப மானம் என்னவாவது? நான் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தேன்.

"தள்ளுங்கடா. நான் அவிழ்க்கிறேன்."

எத்தனையோ ஹீதோவின் முனையைப் பிடித்தவன் நான். முனை எப்போதும் இடுப்புக்குக் கீழே, இடது பக்கம், சோழிக்கடியில் இருக்கும். தடவினேன். இல்லை. வலது பக்கம் தடவினேன். இல்லை. குனிந்து அடியில் பார்த்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் வந்து நிமிர்த்திவிட வேண்டியதாயிற்று.

"பெரியப்பாவும் தோத்தாச்சு!"

"கேளு, கேளு. உன் கேள்விக்கு நான் பயந்தவனில்லை."

ஃபில்சன் மிகவும் பணிவாகக் கேட்டாள். இந்தப் பணிவை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "பெரியப்பா, உங்க செம்மறி மந்தையில கிடாய்ங்க அடிவயித்துல தோல் கட்டி விட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"இது என்ன கேள்வி? பெட்டையோட சேராம இருக்கத்தான்."

"சேந்தா என்ன?"

"சேர்ந்தா ஜிலால் வறட்சியில குட்டி போடும். புல் இருக்காது, தாய்க்குப் பால் இருக்காது. குட்டியும் போகும், தாயும் போகும். மழைக்காலத்துல போடற மாதிரி பார்த்துத்தான் தோலை அவிழ்க்கணும். இதுகூடத் தெரியாதவன் ஆடு வளர்க்கக் கூடாது…"

பாதியிலேயே எனக்கு உறைத்துவிட்டது. ஆனால் வாய் சரிவில் இறங்கிய லாரி, நிற்கவில்லை. முடித்த பிறகுதான் நின்றது. முற்றம் வெடித்தது. ஃபில்சன் குச்சியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலை குனிந்தாள். திரை முழுவதும் குலுங்கியது.

"அடி பொண்ணே!" என்று கத்தினேன். "செம்மறி குலத்துக்கு இரத்தப்பணம் கட்டுமா? எவனாவது மடையன் கத்தியை எடுத்து ஒருத்தனைக் கொன்னுட்டா குலமே சேர்ந்து நூறு ஒட்டகம் குடுக்கணும்! பங்கு போட ஆள் வேண்டாமா? ஆளில்லாத குலம் என்ன குலம்?"

"கத்தியை எடுக்கிற மடையனும் நம்ம குலத்துல பிறக்கிறவன்தானே, பெரியப்பா. கொஞ்சம் நிதானமாப் பெத்தா மடையனும் குறைவான்."

"பால் குடுக்க இடைவெளி விடு, யார் வேண்டாம்னா? என் ஆத்தாளும் விட்டா. முதல் பிள்ளைக்கு முன்னாடியே கதவைச் சாத்தறது எந்த ஊர் நியாயம்?"

ஃபில்சன் குச்சியைக் கை மாற்றிப் பிடித்தாள். இளவட்டங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கெடி, "அது சரிதான், முதல் பிள்ளை வந்துட்டா பேச்சு வராது" என்று முணுமுணுத்தான். படித்தவனானாலும் முதல் பிள்ளை விஷயத்தில் எல்லோருக்கும் உள்ளூர நடுக்கம்தான். நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அயான்லே எழுந்தான்.

"பெரியப்பா, போதும். எனக்குப் பதிலா நீங்க தோக்க வேண்டாம்." குரல் ஆட்டுக்குட்டியின் குரல் மாதிரி இருந்தது. ஆனாலும் வெளியே வந்தது. "பர்வாகோ படிச்சு முடிக்கற வரைக்கும் பொறுக்கலாம்னு வாக்குக் குடுத்தது நான்தான். அவ கேட்டா, நான் சரின்னேன். எனக்கும் அதுதான் இஷ்டம். அம்மா, கேட்டுச்சா?"

கேட்காமல் என்ன? திரை கிழிகிற மாதிரி விலகியது. அர்தோ வெளியே வந்தாள். கையில் இன்னும் சமையல் கரண்டி.

"ஏழு நாளா என் சோத்தைத் தின்னுட்டு இதை ஊர் கூட்டிச் சொல்றியாடா?"

"தனியாச் சொன்னா நீங்க அழுவீங்க, அம்மா."

"இப்ப மட்டும் சிரிக்கறேனா? ஊர் என்ன சொல்லும் தெரியுமா? ஒரு வருஷம் வயிறு வரலைன்னா இவளை மலடிம்பாங்க. அடுத்த வருஷம் உனக்கு ரெண்டாவது பொண்ணு பாக்க வருவாங்க. வர்றவளுங்க வாயை எல்லாம் நானா போய் அடைக்கறது? உன் வாத்தியார் வேலையா அடைக்கும்?"

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அந்தப் பேச்சில் கோபம் பாதிதான், மீதி பயம் என்று எனக்குத் தெரிந்தது. வாயை வைத்து எடை போடுவது என் தொழில்.

பர்வாகோவும் வெளியே வந்தாள். மருதாணிக் கை, தலையில் பட்டுத்துணி, நெட்டை உருவம். "மாமி, பிள்ளையே வேண்டாம்னு நான் சொல்லலை. எனக்கும் நிறைய வேணும். ஒவ்வொண்ணா வேணும்னுதான் சொல்றேன்."

"எல்லாரும் ஒவ்வொண்ணாத்தாண்டி பெறறாங்க! கூடையோட யாரு பெத்தா?"

சிரிப்புக் கிளம்பியது. பர்வாகோவே சிரித்துவிட்டாள். அர்தோவின் உதடும் துடித்தது, கரண்டியால் மறைத்துக்கொண்டாள்.

"மூணு வருஷம் குடுங்க, மாமி. படிப்பு ரெண்டு, ஆஸ்பத்திரிப் பயிற்சி ஒண்ணு."

"மூணா! ஒரு மாசம் தர்றேன்."

"ஒரு மாசத்துல பரீட்சை தேதியே வராது!"

"அப்ப ரெண்டு மாசம்!"

கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கூவ ஆரம்பித்தது. "மூணு! மூணு!" என்றது ஒரு பக்கம். "விடாதீங்க அர்தோ அத்தை!" என்றது இன்னொரு பக்கம். அண்டை வீட்டு மதில் மேல் தலைகள் முளைத்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்க! நோஞ்சான் ஆட்டுக்குக்கூட எவனும் சந்தையில விலையை இப்படிக் கத்தமாட்டான். இது வீட்டுப் பொம்பளைங்க வயித்து விஷயம். துண்டு போட்டுப் பேசுங்க."

தோளிலிருந்து துண்டை எடுத்தேன். சந்தையில் வாங்குபவனும் விற்பவனும் துணிக்கடியில் கையைப் பிடித்து, விரலால் விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. கை உதறினால் இல்லை, குலுக்கினால் முடிந்தது. அர்தோவுக்கு இது தெரியும். தம்பி போன பிறகு அவளே ஒட்டகம் விற்றவள். பர்வாகோவின் அப்பனும் என்னோடு தொழில் செய்தவன்தான்.

இரண்டு பேரும் துண்டுக்கடியில் கையை விட்டார்கள்.

துணிக்கடியில் எலி ஓடுவது மாதிரி அசைவு. அர்தோ முறைத்தாள். பர்வாகோ தலையாட்டினாள். அர்தோ கையை உதறி வெளியே எடுத்தாள், ஒரு முறை சுற்றி நடந்தாள், திரும்பி வந்து மறுபடி விட்டாள். நல்ல வியாபாரி. பர்வாகோ ஏதோ விரலைப் பிடித்தாள். அர்தோ "அடிப்பாவி!" என்றாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் வெகுநேரம் பார்த்தார்கள். பர்வாகோவின் கண் நிறைந்திருந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. துண்டு மேலும் கீழும் குலுங்கியது. முடிந்தது.

"எத்தனை?" என்று நூறு வாய் கேட்டது.

அர்தோ கரண்டியை உயர்த்தினாள். "அது எனக்கும் என் மருமகளுக்கும்தான் தெரியும். அவ படிக்கப் போவா. இனி எவளாவது அவ வயித்தைப் பாத்து ‘விசேஷம் உண்டா’ன்னு கேட்டா, என்கிட்ட வந்து கேக்கட்டும். நான் பதில் சொல்றேன்." கரண்டி என்ன பதில் சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு அவள் நேராக ஹீதோவிடம் போனாள். ஆண்கள் தொடவேண்டிய ஹீதோவின் உச்சி முடிச்சை, எவனையும் கேட்காமல், பல்லால் கடித்து ஒரே இழுப்பு. கயிறு முழுக்கச் சரசரவென்று உதிர்ந்தது. வழக்கம் கெட்டது என்று நான் கத்தினேன். யாருக்கும் காது கேட்கவில்லை. எல்லோரும் கறியில் கைவிட்டிருந்தார்கள். அயான்லேயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கெடி அத்தையின் செருப்பைத் திரைக்கடியில் மரியாதையாக நீட்டினான். ஒரு கை வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு அவன் கையிலேயே ஒரு அடி போட்டது.

எனக்கும் ஒரு பிடி கறி கிடைத்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் சமதர் மறித்தான்.

"பெரியப்பா, உங்க துண்டு, நீங்கதானே தரகர்? எத்தனைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ரெண்டா? மூணா?"

"தரகன் விலையை வெளியே சொல்லமாட்டான்" என்றேன்.

உண்மை என்னவென்றால் எனக்குத் தெரியாது. புதுப்பெண்ணின் கையை நான் எப்படிப் பிடிப்பேன்? துணியை மட்டும்தான் பிடித்திருந்தேன். இத்தனை காலத் தொழிலில் விலை தெரியாமல் நான் முடித்துக்கொடுத்த பேரம் இது ஒன்றுதான். இரண்டு பொம்பளைகளும் துணிக்கடியில் வெறுமனே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அயான்லே மூச்சுவாங்க ஓடிவந்தான், நெற்றியெல்லாம் நெய். "பெரியப்பா, கோபமா?"

"கோபமில்லடா."

"அப்ப ஒத்துக்கிட்டீங்களா?"

"எதை? நீ உன் ஆத்தா முன்னாடி வாயைத் திறந்தே, அது சரி. மருந்தை நான் நம்பலை. அதை விக்கிற அந்த உளறுவாயனை அதைவிட நம்பலை. முதல் பிள்ளையைத் தள்ளிப்போடறது நல்லதுன்னு எவன் வந்து சொன்னாலும் நான் தலையாட்டமாட்டேன். போ, உள்ள போ, உன்னைத் தேடறாங்க."

அவன் சிரித்துக்கொண்டே என் கையை முத்தமிட்டுவிட்டு ஓடினான். உள்ளே மறுபடி குலவை கிளம்பியது. எதற்கு என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. பல்லில் சிக்கிய கறியைத் துழாவிக்கொண்டு சந்தைப் பக்கமாக நடந்தேன்.